வேறு என்பது எதிர் அன்று

பள்ளித் தமிழ்ப் பாடநூல்களில் 'எதிர்ச்சொல் தருக' என்றொரு பயிற்சி உண்டு. இரவுக்குப் பகல், இன்பத்துக்குத் துன்பம், நன்மைக்குத் தீமை என நாம் அனைவரும் இளமையில் எழுதிப் பழகியிருக்கிறோம். நம் நகரத்தில் ஞாயிறுதோறும் நடைபெறும் பாடசாலை வகுப்பொன்றில், தத்துவங்களின் பெயர்களை அண்மையில் கற்கத் தொடங்கிய சிறுமி ஒருத்தி அதே பழக்கத்தில் ஒரு வினா எழுப்பினாள். "ஜீவனுக்கு எதிர்ச்சொல் அஜீவன்தானே? அப்படியானால் செத்துப்போன எறும்பு அஜீவனா?" கற்பித்துக்கொண்டிருந்தவர் உடனே விடை கூற இயலாமல் தயங்கினார். பின்வரிசையில் அமர்ந்திருந்த நானும் தயங்கினேன்.

அவ்வினா சிறுமிக்குரியதாயினும் சிறியதன்று. ஒரு சொல்லின் முன் வந்து நிற்கும் 'அ' என்னும் ஓரெழுத்து அச்சொல்லை என்ன செய்கிறது என்பதே அதன் உட்பொருள். அதற்கு விடை தேடப் புகுந்தால், தமிழ் இலக்கண வரலாறும், கணித வரலாறும், நம் புதுச்சேரியோடு தொடர்புடைய இயற்கையியல் வரலாறும் வந்து கலக்கின்றன. மக்கள் தம்முள் வேறுபட்டும் கூடி வாழ்வது எங்ஙனம் என்னும் பெருவினாவும் அங்கேயே காத்திருக்கிறது.

மறுப்பின் மூன்று வகை

மறுத்தல் என்பது ஒரே செயல் என்று நாம் எண்ணுகிறோம். தமிழ் இலக்கண நூலாரும் உரையாசிரியரும் அவ்வாறு எண்ணவில்லை. அவர்கள் அதனை இன்மை, அன்மை, மறுதலை என மூன்றாகப் பகுத்துக் காட்டினர். வடமொழியிலிருந்து வந்த சொற்களின் முன் நிற்கும் அகரம் இம்மூன்றனுள் எதனையும் உணர்த்தும். 'அரூபி' என்பது உருவம் இல்லாத ஒன்று, இது இன்மை. 'அநீதி' என்பது நீதி இல்லாத வெற்றிடம் அன்று, நீதிக்கு நேர்மாறாகச் செய்யப்படும் செயல், இது மறுதலை. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது அன்மை. 'அசைவம்' என்று நாம் அன்றாடம் வழங்கும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். சைவ உணவு இல்லாமையை அச்சொல் குறிக்குமாயின் பட்டினி கிடப்பவனையும் அசைவன் என்றல்லவா கூற வேண்டும்? சைவ உணவு அல்லாத வேறு உணவையே அது சுட்டுகிறது. வடமொழி இலக்கணத்தார் இவ்வெதிர்மறைக்கு ஆறு பொருள் வரை எண்ணினர். தமிழர் மூன்றில் அடக்கினர்.

தமிழுக்கு இவ்வேறுபாடு இரவலாக வந்ததன்று. அதன் குறிப்புவினைகளிலேயே அது ஊறிக் கிடக்கிறது. 'அங்கே மரம் இல்லை' என்றால் மரத்தின் இன்மை. 'அது மரம் அன்று' என்றால் அங்கே ஏதோ ஒன்று உண்டு, ஆனால் அது வேறொன்று என்பது பொருள். இக்காலப் பேச்சில் 'அது மரம் இல்லை' என்று கூறி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். சொல் மறைந்தால் அதனோடு ஒரு சிந்தனையும் மங்கும். இன்மைக்கும் அன்மைக்கும் உரிய வேறுபாட்டை நாவில் இழந்த தலைமுறை, அன்மைக்கும் மறுதலைக்கும் உள்ள வேறுபாட்டை வாழ்க்கையிலும் இழந்துவிடக்கூடும் என்பதே இக்கட்டுரையின் கவலை.

இரு திணையும் நான்கு கதியும்

தமிழ் உலகப் பொருள்களையெல்லாம் உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுக்கிறது. அஃறிணை என்பது அல் + திணை; உயர்திணை அல்லாத திணை. உயிருக்கு அஜீவன் எப்படியோ, அப்படியே உயர்திணைக்கு அஃறிணை. இரண்டு பெயரும் மறுப்பினால் அமைந்தவை. இரண்டிலும் அம்மறுப்பின் பொருள் அன்மையே. ஆடும் மாடும் ஆலமரமும் அஃறிணை என்பதால் அவை மனிதனுக்கு எதிரி ஆவதில்லை.

தொல்காப்பியம் மக்களாகக் கருதப்படுவோரை உயர்திணை எனவும், ஏனைய அனைத்தையும் அஃறிணை எனவும் வகுத்தது. பல நூற்றாண்டுகள் கழித்து, மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில், கங்கர் குலத்துச் சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்கி நன்னூல் இயற்றினார் சமண முனிவராகிய பவணந்தியார். அவர் தம் நூலில் இப்பகுப்பை எடுத்துக்கொண்டு ஒரு திருத்தம் செய்தார். மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையுள் வைத்தார். எஞ்சிய உயிர்களையும் உயிரில்லாப் பொருள்களையும் அஃறிணை என்றார்.

இதனைச் சமணக் கண்ணோடு நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். உயிர்கள் பிறக்கும் கதிகள் நான்கு: தேவகதி, மக்கட்கதி, நரககதி, விலங்குகதி. முதல் மூன்றும் பவணந்தியாரின் உயர்திணை, நான்காவது அஃறிணை. நரகத்தில் உழல்வோர் தீவினையால் அங்குச் சென்றவர். அவர்களையும் அவர் தாழ்த்தவில்லை. ஆகவே 'உயர்' என்னும் அடைமொழி அறத்தில் உயர்ந்தோர்க்கு அளிக்கும் பரிசு அன்று. பகுப்பதற்கு இடப்பட்ட பெயர் மட்டுமே. இலக்கணக் கோட்டின் மறுபுறம் நிற்பது எதுவும் அதனாலேயே இழிந்ததாகிவிடாது.

இன்னும் ஒன்று. இருகூறாகப் பகுத்தபின் அவ்வளவில் நிற்காமல், உயிர்களை அறிவின் அளவால் படிப்படியாக அடுக்கியும் காட்டினர் நம் முன்னோர். தொல்காப்பிய மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக ஆறு படிகளைக் கூறும். தொடுவுணர்வு மட்டும் உடையன புல்லும் மரமும். அதனோடு சுவையும் உணர்வன நத்தை முதலியன. மோப்பமும் பெற்றன கறையானும் எறும்பும். காட்சியும் பெற்றன வண்டு முதலியன. கேள்வியும் பெற்றன விலங்குகள். மனமும் பெற்றோர் மக்கள். உமாசுவாதியார் அருளிய தத்துவார்த்த சூத்திரம் இதே வரிசையில் புலன்களை வைத்து, புழு, எறும்பு, வண்டு, மனிதர் என எடுத்துக்காட்டும். நன்னூல் உரியியலில் பவணந்தியாரும் அவ்வழியே சென்று, தேவர், மக்கள், நரகர், விலங்கு, பறவை ஆகிய அனைத்தையும் ஐயறிவு என்னும் ஒரே படியில் நிறுத்தினார். திணைப் பகுப்பில் பிரித்த மனிதரையும் விலங்கையும் அறிவுப் பகுப்பில் அவரே ஒன்றாக்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். பிரித்தது ஒரு நோக்கம் பற்றி. சேர்த்தது மற்றொரு நோக்கம் பற்றி.

இவ்வடுக்கை இக்கால விலங்கியலாகக் கொள்ளல் ஆகாது. எறும்புக்கும் கண் உண்டென இன்று நாம் அறிவோம். ஆயினும் உயிர், உயிரல்லது என்னும் வெட்டுக்கோட்டுக்கு உள்ளேயே ஏணிப்படிகளை அமைத்துக் காட்டிய அந்த அணுகுமுறை இன்றும் போற்றத்தக்கது.

இன்மைக்கு ஓர் இலக்கம்

புதுச்சேரியிலிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் கடலூரை அடுத்துத் திருப்பாதிரிப்புலியூர் உள்ளது. பழங்காலத்தில் அது பெரியதொரு சமண நிலையமாக விளங்கியது. பாடலிகா என்னும் ஊரில், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், சர்வநந்தி என்னும் முனிவர் லோகவிபாகம் என்னும் உலகநூலை எழுதினார் என்று அந்நூலின் பிற்கால வடமொழி வடிவம் கூறுகிறது. அந்தப் பாடலிகா இத்திருப்பாதிரிப்புலியூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. சிம்மசூரி என்பார் செய்த அவ்வடமொழி வடிவமே இன்று நமக்குக் கிடைக்கிறது.

கணித வரலாற்றாசிரியர்கள் அந்நூலைப் பெரிதும் மதிப்பதற்குக் காரணம் உண்டு. கண்டங்களையும் கடல்களையும் அளக்கும் பேரெண்களை அது இடமதிப்பு முறையில் கூறுகிறது. ஓரிடத்தில் எவ்வெண்ணும் இல்லையாயின் அவ்விடத்தில் சூனியம் என்றோ, ஆகாயத்தைக் குறிக்கும் சொல்லையோ வைக்கிறது. இன்மையைச் சொல்லாமல் விட்டுவிட்டால் எண் பிழைபடும். 105 என்பதில் நடுவிடத்து இன்மையை எழுதாவிடின் 15 ஆகிவிடும். எனவே 'இல்லை' என்பதற்கும் ஓர் இருக்கை கொடுக்கப்பட்டது.

கி.பி. 628இல் பிரமகுப்தர் மேலும் ஒரு படி சென்றார். செல்வத்தைத் தனம் எனவும் கடனை ருணம் எனவும் பெயரிட்டு, சமமான தனமும் ருணமும் கூடினால் சூனியம் என விதித்தார். வணிகம் செய்யும் நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கல்லாவில் பணம் இல்லை என்பது ஒன்று. கடன் நிற்கிறது என்பது மற்றொன்று. முன்னது இன்மை, பின்னது மறுதலை. அன்மைக்கும் பேரேட்டில் இடமுண்டு. அறக்கட்டளையின் பணம் நம் பெட்டியில் இருந்தாலும் அது கடை முதல் அன்று, வேறு கணக்கு. இம்மூன்றையும் குழப்புகிறவன் கணக்கும் தேறாது, நாணயமும் நில்லாது.

ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், சமணக் கணித மேதை மகாவீராசாரியர் கணித சார சங்கிரகம் இயற்றினார். எதிர்எண் தன் இயல்பாலேயே வர்க்கம் ஆகாது. ஆதலின் அதற்கு வர்க்கமூலம் இல்லை என்று அவர் தெளிந்து கூறினார். அதே நூலில் ஓரெண்ணைச் சூனியத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாது நிற்கும் என்றும் கூறினார். முன்னது நெடுங்காலம் கணிதத்தின் எல்லைக்கல்லாக நின்றது; பின்னதைக் கணிதம் ஏற்கவில்லை. இன்மையை எண்ணாக ஏற்றது பெரும் வெற்றி. அவ்வெண் பிற எண்களோடு எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அறிய மேலும் பல தலைமுறைகள் வேண்டியிருந்தது. நம்மவர் நூலின் பெருமையைப் பேசும்போது அதன் பிழையையும் சேர்த்துச் சொல்வதே வாய்மை என்னும் விரதத்துக்கு உகந்தது.

பிரெஞ்சு இயற்கையியலார் கண்ட சிக்கல்

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த நம் புதுச்சேரிக்கு இயற்கையியலார் பலர் வந்தனர். அவருள் பியேர் சொன்னரா குறிப்பிடத்தக்கவர். கீழ்த்திசை நாடுகளில் தாம் செய்த பயணங்களை 1782இல் அவர் பாரிசில் நூலாக வெளியிட்டார். அவர் திரட்டி அனுப்பிய தாவரங்களை ஆராய்ந்து பெயரிட்டவர்களுள் ஒருவர் புகழ்பெற்ற லமார்க். வகைப்பாட்டின் வரலாற்றில் லமார்க் இருவேறு காரணங்களால் நினைக்கப்படுகிறார். இரண்டும் நம் பொருளுக்கு நெருங்கியவை.

முதலாவது, 1778ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த அவருடைய பிரெஞ்சுத் தாவரநூல். பெயர் அறியாத செடி ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் அதன் பெயரைக் கண்டடைவதற்கு அவர் ஒரு வழி வகுத்தார். ஒவ்வொரு படியிலும் இரண்டே வாய்ப்புகள்: பூ உண்டா, இல்லையா? இதழ்கள் இணைந்தவையா, பிரிந்தவையா? இவ்வாறு கவடு கவடாகப் பிரிந்து சென்று இறுதியில் ஒரே பெயரில் முடியும். இன்றும் செயின்ட் லூயி வீதியில், 1955இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரக் காப்பகத்தில், 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளுக்கு நடுவே பணிபுரிவோர் இம்முறையைக் கையாள்கின்றனர். ஆனால் லமார்க் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். இக்கவட்டுமுறை செடியை அடையாளம் காண்பதற்கான கருவி மட்டுமே; இயற்கையே இவ்வாறு இரண்டிரண்டாகப் பிரிந்து கிடக்கிறது என்று கொள்ளலாகாது என்றார். கதவைத் திறப்பதற்குச் சாவி வேண்டும். ஆனால் வீட்டின் வடிவம் சாவியின் வடிவம் அன்று.

இரண்டாவது, அவர் விலங்குகளுக்குத் தந்த பெயர். முதுகெலும்புடையவை, முதுகெலும்பற்றவை என விலங்குகளைப் பகுத்து, பின்னதைப் பற்றி 1801இல் ஒரு நூல் வெளியிட்டார். தம் எச்சரிக்கைக்கு மாறாக, இம்முறை அவருடைய இருகூற்றுப் பெயரே மக்கள் மனத்தில் இயற்கையின் பகுப்பாகப் பதிந்துவிட்டது. முதுகெலும்புடையவை உண்மையிலேயே ஓர் இனம். முதுகெலும்பற்றவை அத்தகையன அல்ல. நத்தை, எறும்பு, மண்புழு, விண்மீன் போன்ற உருவுடைய கடலுயிர் ஆகிய அனைத்தையும் ஒன்று சேர்ப்பது அவற்றிடம் உள்ள எதுவும் அன்று. அவற்றிடம் இல்லாத ஒன்றே. இக்கால உயிரியல் அக்கடல் விண்மீன் எறும்பைக் காட்டிலும் நமக்கே நெருங்கிய உறவு என்று காட்டுகிறது. 'அல்லாதவை' என்று ஒரு மூட்டையாகக் கட்டியதால், மூட்டைக்குள் இருந்த வேறுபாடுகள் நெடுநாள் மறைந்தே கிடந்தன.

மின்சாரத்தின் கதையும் இதற்கு இனமானது. கண்ணாடியைத் தேய்த்தால் தோன்றுவதும் பிசினைத் தேய்த்தால் தோன்றுவதும் இருவேறு மின்கள் என்று 1733இல் பிரெஞ்சு அறிஞர் து ஃபே கண்டார். அவர் கண்டது அன்மை. பின்னர் பிராங்ளின், மின் ஒன்றே. அதன் மிகுதி நேர், குறைவு எதிர் என்றார். அவர் கொண்டது குறைவு என்னும் இன்மை. 1897இல் எலெக்ட்ரான் கண்டறியப்பட்டபோது, பிராங்ளின் 'குறைவு' என்று பெயரிட்ட பக்கத்தில்தான் அத்துகள்கள் மிகுந்திருக்கின்றன என்பது தெரியவந்தது. ஆயினும் எதிர்மின் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு 'எதிர்' என்று பெயர் வைப்பது பெரும்பாலும் பெயர் வைப்பவர் எந்தப் பக்கத்தில் நின்றார் என்பதைப் பொறுத்தது.

உண்டு, இல்லை, வேறு

இச்சிக்கலுக்குச் சமணத் தருக்கம் தந்த விடையே அநேகாந்தம். ஒரு பொருளைப் பற்றி எதனைக் கூறினாலும் 'ஒரு நோக்கில்' என்னும் எல்லையோடு கூற வேண்டும் என்பது அதன் சியாத்வாத நெறி. அங்கு முதல் இரண்டு கூற்றுகள்: ஒரு நோக்கில் குடம் உண்டு, ஒரு நோக்கில் குடம் இல்லை. மேலோட்டமாகக் கேட்போர் இதனை முரண் என்பர். ஆனால் ஆசாரியர்கள் விளக்குவது இதுவே: தன் பொருள், தன் இடம், தன் காலம், தன் நிலை ஆகியவற்றால் குடம் உண்டு, பிறிதொன்றின் பொருள், இடம், காலம், நிலை ஆகியவற்றால் குடம் இல்லை. மண்குடமாக அது உண்டு. பொற்குடமாக அது இல்லை. இங்கே 'இல்லை' என்று சொல்லப்பட்டது உண்மையில் 'வேறு' என்பதே. மறுதலை போலத் தோன்றியது அன்மையாகக் கரைந்துவிடுகிறது.

உண்டு, இல்லை, வேறு என்னும் மூன்று சொற்களும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவாக வரும் என்று பவணந்தியார் இம்மூன்றையும் ஒரே நூற்பாவில் சேர்த்து வைத்தார். அது இலக்கணம் கருதியே செய்யப்பட்டது. எனினும் அம்மூன்றும் அருகருகே நிற்பதைக் காணும்போது சமண உள்ளம் நெகிழாமல் இராது.

நம் பொருளியலில் இதற்கு இன்னொரு சான்று உண்டு. உலக வழக்கில் அதர்மம் என்றால் அறத்துக்கு மறுதலை. சமணர் கூறும் ஆறு திரவியங்களுள் தர்மம், அதர்மம் என இரண்டு உள. அங்கே தர்மம் என்பது இயக்கத்துக்குத் துணைநிற்பது, மீனுக்கு நீர் போல. அதர்மம் என்பது நிலைத்திருத்தலுக்குத் துணைநிற்பது, வழிப்போக்கனுக்கு மரநிழல் போல. ஒன்று நன்று, மற்றது தீது என்பதற்கு அங்கு இடமே இல்லை. இரண்டும் இன்றேல் உலக நடை இல்லை. ஒரே சொல், ஓரிடத்தில் பகை; மற்றோரிடத்தில் துணை.

கால்வாயின் இரு கரைகள்

இனி நம் நகரத்தையே நோக்குவோம். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியின் நடுவே ஓடிய பெரிய வாய்க்காலை எல்லையாகக் கொண்டு, கடற்பக்கத்தை வெள்ளையர் நகரம் எனவும் மேற்குப் பக்கத்தைக் கறுப்பர் நகரம் எனவும் வழங்கினர். வெள்ளையர் நகரம் என்பதற்கு ஒரு பொருள் இருந்தது. கறுப்பர் நகரம் என்பதோ 'வெள்ளையர் அல்லாதார்' என்று கட்டிய மூட்டை. இந்துக்கள், முஸ்லிம்கள், தமிழ்க் கிறித்தவர்கள், வணிகர், நெசவாளர், துபாஷிகள் எனத் தமக்குள் எத்தனையோ வேறுபாடுடையோர் அதில் அடங்கினர். லமார்க்கின் முதுகெலும்பற்றவை போல, தம்மிடம் இல்லாத ஒன்றால் அவர்கள் ஒன்றாக எண்ணப்பட்டனர். இன்று அப்பகுதியைத் தமிழ்ப்பகுதி என்று வழங்குகிறோம். மறுப்பால் அமைந்த பெயர் நீங்கி, தன் பெயரே அதற்கு வந்திருக்கிறது. இது சிறிய மாற்றம் அன்று.

சட்டமும் இவ்வாறே மறுப்பால் பெயர் சூட்டும். 1881 செப்டம்பர் 21ஆம் நாளின் பிரெஞ்சு ஆணைப்படி, தம் மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றோர் 'துறந்தோர்' என்னும் பொருளில் ரெனோன்சான் எனப்பட்டனர். ஒன்றை விட்டதே அவர்களுக்குப் பெயராயிற்று. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமோ இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோரைப் பெயர் சொல்லிச் சேர்த்தபின், முஸ்லிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாத ஏனையோரையும் சேர்த்தது. அஃறிணைக்குரிய அதே இலக்கணம். 1962 ஆகஸ்டு 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபின், 1963இல் அச்சட்டம் இங்கு நீட்டிக்கப்பட்டபோது, அது ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று விதிவிலக்கு எழுதப்பட்டது.

நம்மைப் பற்றிய வினாவும் இங்கேயே எழுகிறது. திருமணச் சட்டம் சமணரை இந்துக்களோடு சேர்க்கிறது. 2014 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை சமணரைத் தனிச் சிறுபான்மைச் சமயத்தினர் என்கிறது. 'அப்படியானால் நீங்கள் யார்? உடனா, எதிரா?' என்று வினவுவோர் உண்டு. நம் இளைஞர் சிலரும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து சினந்து பேசக் காண்கிறோம். திருமண முறைமை என்னும் நோக்கில் உடன்; சமயம் என்னும் நோக்கில் வேறு. இரண்டும் உண்மை. எதிர் என்பது இவ்விரண்டில் எதிலும் இல்லை.

வேறு என்பது எதிராகத் திரிந்த காலமும் தமிழ்நாட்டில் இருந்தது என்பதை மறைக்க வேண்டா. திருப்பாதிரிப்புலியூர்ச் சமண நிலையத்தில் தருமசேனராக விளங்கியவரே பின்னர்த் திருநாவுக்கரசராகச் சைவம் திரும்பினார் என்று பெரியபுராணம் கூறும். அக்காலத்து வாதங்களில் கசப்பு மிகுந்திருந்தது. ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை. சமண முனிவர் இயற்றிய நன்னூலுக்கு முதலில் உரை வகுத்த மயிலைநாதர் சமணர். அவருக்குப் பின் விரிவான உரை வகுத்த சங்கர நமச்சிவாயரும், அதனைத் திருத்திய சிவஞான முனிவரும், காண்டிகையுரை தந்த ஆறுமுக நாவலரும் ஆழ்ந்த சைவர்கள். சைவ மரபில் வந்த உ.வே. சாமிநாதையர் கும்பகோணத்துச் சமண இல்லங்களுக்குச் சென்று ஐயம் தெளிந்து 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். எதிர் என்று நின்றது மீண்டும் வேறு என்று ஆயிற்று. வேறாக இருந்ததாலேயே ஒருவரிடம் மற்றவர் கற்க முடிந்தது.

நமக்குள்ளும் அவ்வாறே. இந்நகரில் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் நயினார்களும், குஜராத்தியும் மார்வாரியும் பேசும் குடும்பத்தினரும் ஒரே விழாவில் கூடுகின்றோம். திகம்பரர் என்றால் திசையை ஆடையாக உடையார். சுவேதாம்பரர் என்றால் வெண்ணிறத்தை ஆடையாக உடையார். எத்தகைய நுட்பம் பாருங்கள்: இரண்டு பெயரும் தம்மைத் தாமே கூறுவன, ஒன்று மற்றதன் மறுப்பாக அமையவில்லை. உமாசுவாதியாரின் சூத்திரம் இரு சாராருக்கும் பொது.

சிறுமிக்கு விடை

அச்சிறுமிக்கு அடுத்த ஞாயிறு நான் இவ்வாறு கூறினேன். "அஜீவன் என்பது உயிர் போனது அன்று, உயிரே அல்லாத வேறு பொருள். எறும்பின் உடல் முன்பும் அஜீவனே, இப்போதும் அஜீவனே. அதனுள் இருந்த உயிர் செத்துப்போகவில்லை. வேறு கதிக்குச் சென்றது." அவள் சற்று நேரம் சிந்தித்து, "அப்படியானால் அஹிம்சைக்கும் அதே 'அ' தானா?" என்று கேட்டாள்.

அவ்வினா என் உள்ளத்தைத் தொட்டது. கல்லும் யாரையும் கொல்வதில்லை. எனினும் கல்லை அஹிம்சை உடையது என யாரும் கூறார். எனவே அஹிம்சையில் உள்ள அகரம் வெறும் இன்மை அன்று. கொல்லக் கூடியவன், கொல்லாமல் அருளோடு நிற்பதே அஹிம்சை. அது ஹிம்சைக்கு மறுதலை. திருக்குறள் கள்ளாமை, வெகுளாமை, கொல்லாமை என அதிகாரங்களுக்கு எதிர்மறையாற் பெயர் சூட்டியிருப்பதும் இக்கருத்துப் பற்றியே எனக் கொள்ளலாம்.

எதிர்த்து நிற்க வேண்டியது தீவினை ஒன்றையே. அங்கே மறுதலை வேண்டும். மற்றபடி மொழியால், உடையால், சமயத்தால், வழிபாட்டு முறையால் நம்மினின்று மாறுபட்டு நிற்போரிடம் நமக்கு வேண்டியது அன்மை என்னும் அறிவே: அவர் நாம் அல்லர், வேறு, எதிர் அல்லர். எதற்கு எந்த 'அ'வை வைப்பது என்று அறிந்து வைத்தலே நல்லறிவு. இவ்விழா நாளில் நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுத்தரக்கூடிய இலக்கணம் இதனினும் சிறந்தது இல்லை.